கடைசி இடத்தில் இருந்து கோப்பை வரை! சென்னைக்கு வந்த இத்தாலி வீரர்

அவர் பெயர் மார்க்கோ மாட்டராசி. இத்தாலி நாட்டுக்காரர். ஆறடிக்கும் மேல் உயரம். உடம்பில் பச்சை குத்திக்கொண்டவர். பார்த்தாலே எதிரிகள் பயப்படுவார்கள்.

உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் கோல் போட்டவர் அவர். அதே போட்டியில் உலகத்தின் திட்டையும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

அப்படிப்பட்டவர் 2014-ம் ஆண்டு சென்னைக்கு வந்தார். பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். காஞ்சிபுரத்தில் இருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள இடம் அது.

அடுத்த ஆண்டு ஓர் அதிசயம் நடந்தது. பட்டியலில் கடைசியாகக் கிடந்த சென்னை அணி கோப்பையைத் தூக்கியது.

அந்தக் கதை இது.

தந்தை காட்டிய வழி

மாட்டராசி 1973-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி பிறந்தார். ஊர், இத்தாலியின் தெற்குக் கோடியில் உள்ள லெச்சே.

அவருடைய தந்தை ஜுசெப்பேயும் கால்பந்துக்காரர். ஆடி ஓய்ந்த பிறகு பயிற்சியாளர் ஆனார். ரோம் நகரின் புகழ் பெற்ற லாட்சியோ அணிக்கும் பயிற்சி கொடுத்தார்.

மார்க்கோவுக்கு 15 வயதானபோது தாய் இறந்துவிட்டார். தாயில்லாப் பிள்ளைக்குப் பந்துதான் துணை.

பெரிய இடத்துப் பிள்ளை என்று யாரும் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சிசிலித் தீவில் உள்ள சின்னச் சின்ன அணிகளில் ஆடினார். ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். பெருஜா அணியில் சேர்ந்த பிறகுதான் பெயர் வெளியே தெரிந்தது.

கோல் போடும் காவல்காரர்

மாட்டராசி தடுப்பு ஆட்டக்காரர். எதிரியைக் கோல் பக்கம் வரவிடாமல் தடுப்பது அவர் வேலை. வீட்டு வாசலில் காவல்காரர் நிற்பது போல.

ஆனால் இந்தக் காவல்காரர் சும்மா நிற்கவில்லை. கார்னர் உதை என்றால் எதிரியின் கோல் பக்கம் ஓடுவார். உயர எழும்பித் தலையால் முட்டுவார். பந்து வலையில் இருக்கும்!

2000-01 பருவத்தில் இத்தாலியின் முதல் தரப் போட்டியில் அவர் 12 கோல் போட்டார். தடுப்பு ஆட்டக்காரர் ஒருவர் ஒரே பருவத்தில் 12 கோல் போட்டது அங்கு அதுவே முதல் தடவை.

உடனே மிலான் நகரத்து இன்டர் அணி அவரை அழைத்துக்கொண்டது. 2001 முதல் 2011 வரை பத்து ஆண்டுகள் அங்கே ஆடினார். ஐந்து முறை இத்தாலி சாம்பியன் பட்டம் அந்த அணிக்குக் கிடைத்தது.

அவரிடம் ஒரு குறையும் இருந்தது. அதுதான் கோபம்! முரட்டு ஆட்டம் ஆடுவார். சிவப்பு அட்டை வாங்கி வெளியே போவார்.

ஒரே ஆட்டத்தில் இரண்டு முகம்

2006-ம் ஆண்டு ஜெர்மனியில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது. இத்தாலி அணியில் மாட்டராசிக்கு முதலில் இடம் இல்லை. வெளியே உட்கார்ந்து இருந்தார்.

செக் நாட்டுடன் நடந்த ஆட்டத்தில் நெஸ்டா என்ற பெரிய வீரர் காயம் அடைந்தார். அவருக்குப் பதிலாக மாட்டராசி உள்ளே போனார். சிறிது நேரத்தில் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார்!

அடுத்த ஆட்டம் ஆஸ்திரேலியாவுடன். அதில் சிவப்பு அட்டை! வெளியேற்றப்பட்டார். இப்படித்தான் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது அவர் ஆட்டம்.

ஜூலை 9-ந் தேதி பெர்லின் நகரில் இறுதி ஆட்டம். எதிரணி பிரான்ஸ். அதன் தலைவர் ஜிடேன். உலகம் மெச்சிய வீரர். அதுதான் அவருக்குக் கடைசி ஆட்டம்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகி இருந்தன. மாட்டராசி தவறு செய்ததாக நடுவர் சொன்னார். பிரான்சுக்குப் பெனால்டி கிடைத்தது. 7-வது நிமிடத்தில் ஜிடேன் கோல் போட்டார்.

வேறு ஒருவராக இருந்தால் அங்கேயே மனம் உடைந்து போயிருப்பார். தன்னால் நாடு தோற்கப் போகிறதே என்று கை கால் ஓடாமல் நின்றிருப்பார்.

மாட்டராசி நிற்கவில்லை. 19-வது நிமிடத்தில் இத்தாலிக்கு ஒரு கார்னர் உதை. பிர்லோ என்ற வீரர் பந்தை அடித்தார். எல்லோருக்கும் மேலே எழும்பினார் மாட்டராசி. தலையால் முட்டினார். கோல்! ஆட்டம் சமன் ஆயிற்று.

கெடுத்தவரே சரி செய்தார்.

முட்டல்

கதை அதோடு முடியவில்லை. கூடுதல் நேரத்தில், 110-வது நிமிடத்தில், ஜிடேன் திடீரென்று திரும்பினார். மாட்டராசியின் மார்பில் தலையால் முட்டினார். மாட்டராசி கீழே விழுந்தார்.

நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். ஜிடேன் தலை குனிந்து வெளியே நடந்தார். உலகமே திகைத்தது.

ஏன் முட்டினார்? மாட்டராசி அவரிடம் கெட்ட வார்த்தை பேசி இருந்தார். ஜிடேனின் சகோதரியை இழுத்துப் பேசியதாகப் பிறகு அவரே ஒப்புக்கொண்டார். உலகக் கால்பந்துச் சங்கம் இருவரையும் தண்டித்தது. ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடை. மாட்டராசிக்கு இரண்டு ஆட்டத் தடை. இருவருக்கும் அபராதம்.

அன்று வெற்றி யாரையும் சேராமல் ஆட்டம் சமனாக முடிந்ததால், பெனால்டி உதையில் முடிவு கண்டார்கள். மாட்டராசியும் ஓர் உதை அடித்தார். அது கோல்! 5-3 என்ற கணக்கில் இத்தாலி உலகக் கோப்பையை வென்றது.

ஆனால் கோல் போட்டதை எல்லோரும் மறந்தார்கள். முட்டு வாங்கி விழுந்ததைத்தான் நினைவில் வைத்தார்கள். 2012-ல் ஒரு சிற்பி அந்தக் காட்சியை 5 மீட்டருக்கும் மேல் உயரமான வெண்கலச் சிலையாகவே வடித்துப் பாரிஸ் நகரில் வைத்துவிட்டார்!

முரடர் அழுதார்

முரடர் மனத்திலும் ஈரம் உண்டு.

2010-ம் ஆண்டு இன்டர் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டம் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் நடந்தது. அப்போது அந்த அணிக்குப் பயிற்சியாளர் மொரீனியோ என்ற போர்த்துக்கீசியர். வெற்றி பெற்ற கையோடு அவர் வேறு அணிக்குப் போவதாக இருந்தார்.

அன்று இரவு ஸ்டேடியத்துக்கு வெளியே மொரீனியோ காரில் புறப்பட்டார். சுவர் ஓரமாக மாட்டராசி நின்றுகொண்டு இருந்தார். காரை நிறுத்தி மொரீனியோ இறங்கினார். இருவரும் கட்டித் தழுவிக்கொண்டு அழுதார்கள்.

நல்ல பயிற்சியாளர் ஆட்டக்காரனின் மனத்தில் எவ்வளவு ஆழமாக இடம் பிடிப்பார் என்பதற்கு அந்தக் கண்ணீர் சாட்சி.

சென்னையில்

2014-ல் ஐ.எஸ்.எல். என்ற இந்திய சூப்பர் லீக் போட்டி தொடங்கியது. எட்டு நகரங்களுக்கு எட்டு அணிகள். சென்னை அணியின் பெயர் சென்னையின் எப்.சி. நடிகர் அபிஷேக் பச்சனும் கிரிக்கெட் வீரர் தோனியும் அதன் உரிமையாளர்களில் அடக்கம்.

பயிற்சியாளராக மாட்டராசி வந்தார். முதல் ஆண்டில் அவரே களத்தில் இறங்கியும் ஆடினார். உலகக் கோப்பையில் யாருக்குப் பதிலாக இறங்கினாரோ, அந்த நெஸ்டாவையும் சென்னைக்கு அழைத்து வந்து ஆட வைத்தார்!

அந்த ஆண்டு 14 ஆட்டங்கள் முடிந்தபோது சென்னைதான் பட்டியலில் முதல் இடம். ஆனால் அரை இறுதியில் கேரளம் குறுக்கே வந்தது. கொச்சியில் 0-3 என்று சென்னை தோற்றது. சென்னையில் நடந்த மறு ஆட்டத்தில் மூன்று கோல் போட்டுக் கணக்கைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் கேரளம் ஒரு கோல் போட்டது. சென்னை வெளியேறியது.

முதல் இடத்தில் இருந்தும் கோப்பை கிடைக்கவில்லை.

கோர்வை

பயிற்சியாளரின் வேலை என்ன? காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம்.

கோர்வைப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா. இரண்டு கரைகளுக்கும் இரண்டு நாடா. ஆக மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் ஒருவரால் மட்டும் ஆகாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்து கை கொடுக்க வேண்டும். உடல் நூலும் கரை நூலும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடி விட்டால் கரை தனி, சேலை தனி.

மாட்டராசியின் அணியும் அப்படித்தான். பிரேசிலில் இருந்து எலானோ, பெலிசாரி. கொலம்பியாவில் இருந்து மெண்டோசா. மிசோரத்தில் இருந்து ஜெஜே. ஊர் வேறு, மொழி வேறு. களத்தில் நிற்கும் 11 பேரில் குறைந்தது 5 பேர் இந்தியராக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. வெளிநாட்டுக்காரரையும் நம் ஊர்ப் பையன்களையும் ஒன்றாகக் கோக்க வேண்டும். அதுதான் அவர் வேலை.

கடைசி இடம்

2015-ல் அந்தக் கோர்வை விட்டுப் போனது போல் ஆயிற்று. பத்து ஆட்டங்களில் மூன்று வெற்றி. ஒரு சமன். ஆறு தோல்வி! வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. ஆக 10 புள்ளிதான். எட்டு அணிகளில் சென்னைக்கு எட்டாவது இடம்.

மீதி இருந்தது நாலே ஆட்டம். இனி என்ன இருக்கிறது என்று பலரும் கை கழுவினார்கள்.

நாலு ஆட்டத்திலும் சென்னை வென்றது! 10 புள்ளி 22 புள்ளி ஆயிற்று. எட்டாவது இடத்தில் இருந்த அணி மூன்றாவது இடத்துக்கு வந்து அரை இறுதிக்குள் நுழைந்தது.

அப்போதுதான் பெருவெள்ளம் வந்தது. டிசம்பர் 1-ந் தேதி வானமே பிய்த்துக்கொண்டு கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்து தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சென்னை விமான நிலையத்தைப் பல நாள் மூடினார்கள். காஞ்சிபுரம் மாவட்டமும் தப்பவில்லை. குழித்தறியில் ஈரம் ஏறினால் நெசவு நின்றுவிடும். நெசவு நின்றால் அடுப்பு எரியாது. அந்தக் கஷ்டம் காஞ்சிபுரத்தாருக்குப் புதிதல்ல.

சென்னையில் நடக்க வேண்டிய அரை இறுதி ஆட்டத்தைப் புனே நகருக்கு மாற்றினார்கள். சொந்த ஊர், சொந்த மைதானம் எதுவும் இல்லாமல் ஆட வேண்டிய நிலை. எதிரணியோ முந்தின ஆண்டு கோப்பை வென்ற கொல்கத்தா!

டிசம்பர் 12-ந் தேதி ஆட்டம். பெலிசாரி ஒரு கோல். ஜெஜே ஒரு கோல். மெண்டோசா ஒரு கோல். 3-0! கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் சென்னை வென்றது.

ஐந்து நிமிடத்தில் நடந்தது

டிசம்பர் 20. கோவாவில் இறுதி ஆட்டம். எதிரணியும் கோவாதான். மைதானம் முழுக்க அவர்கள் ஆட்கள்.

54-வது நிமிடத்தில் பெலிசாரி கோல் போட்டார். சென்னை முந்தியது. 58-வது நிமிடத்தில் கோவா சமன் செய்தது. 87-வது நிமிடத்தில் கோவா இன்னொரு கோல்! 2-1. மூன்றே நிமிடம் பாக்கி. கோவா ரசிகர்கள் ஆடத் தொடங்கினார்கள்.

90-வது நிமிடம். சென்னை வீரர்கள் கோல் பக்கம் பாய்ந்தார்கள். அந்த நெருக்கடியில் பந்து கோவா கோல்கீப்பர் மேல் பட்டு உள்ளே போயிற்று. சேம் சைடு கோல்! 2-2.

இரண்டு நிமிடம் கழித்து மெண்டோசா ஒரு கோல் அடித்தார். 3-2!

கோப்பை சென்னைக்கு. அந்தப் போட்டியில் அதிகக் கோல் போட்டவரும் மெண்டோசாதான். மொத்தம் 13 கோல். வளரும் வீரர் பரிசு ஜெஜேக்குக் கிடைத்தது.

பெர்லினில் மாட்டராசி தனி ஆளாகச் செய்ததைக் கோவாவில் 11 பேர் சேர்ந்து செய்தார்கள். பின்தங்கினால் பதறக் கூடாது. நடுவர் ஊதும் வரை ஓட வேண்டும். அவர் சொல்லிக் கொடுக்க வந்த பாடம் இதுதான்.

நெய்தது நின்றது

அடுத்த ஆண்டு அதிர்ஷ்டம் கை கொடுக்கவில்லை. 2016-ல் சென்னைக்கு ஏழாவது இடம். 2017-ல் மாட்டராசி விடை பெற்றுக்கொண்டார். ஜெயித்தவரைத் தூக்குவதும் தோற்றால் அனுப்புவதும் அந்த வேலையில் வழக்கம்.

ஆனால் அவர் வளர்த்த பிள்ளைகளில் சிலர் அணியில் தொடர்ந்தார்கள். ஜெஜே இருந்தார். 2018-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி பெங்களூரில் பெங்களூரு அணியை 3-2 என்று வென்று சென்னை மறுபடியும் கோப்பை வாங்கியது. அப்போது பயிற்சியாளர் ஜான் கிரிகரி என்ற இங்கிலாந்துக்காரர்.

மணமேடையில் பட்டுச் சேலையைப் பார்க்கிறவர்கள் நெய்தவர் யார் என்று கேட்பதில்லை. ஆனாலும் கோர்வை கெட்டியாக இருந்தால் சேலை தலைமுறைக்கு நிற்கும். மாட்டராசி சென்னையில் இருந்தது மூன்று பருவங்கள்தான். கடைசி இடத்தில் இருந்தும் ஜெயிக்க முடியும் என்ற நம்பிக்கையை அந்தப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போனார்.