வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

தமிழ்நாட்டில் மனைத் தகராறு என்றால் கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வக்கீல் வீட்டுக்குக் கிளம்புவோம். அந்தமானில் அதே பை முழுக் கதையையும் சொல்லாது. அங்கே நிலம் யாவும் அரசுக்குரியது என்று 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குவிதி சொல்கிறது. மக்கள் கையில் இருப்பது குத்தகை உரிமையாகவோ மானியமாகவோ உரிமமாகவோ இருக்கும். அதை விற்க முடியுமா, பிள்ளைகளுக்குச் சேருமா, தகராறு வந்தால் தாசில்தாரிடம் போவதா நீதிமன்றத்துக்குப் போவதா என்பதெல்லாம் அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களில் பலருக்கு நிலச் சட்டம் பற்றிய அறிவு தமிழ்நாட்டு உறவினர் வழியாக வந்தது. அதனால்தான் தீவில் வக்கீலோடு நடக்கும் முதல் பேச்சுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். தீவின் சட்டம் தெரிந்தவரைத் தேடி, தேதியும் காகிதமும் ஒழுங்காகக் கொண்டுபோகிறவருக்கு வழக்கின் பாதி வேலை அன்றைக்கே முடிந்துவிடுகிறது.

யாரைத் தேடுவது? மெட்ராஸில் பெரிய வக்கீல் ஒருவரை வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி தடையில்லை. வழக்கறிஞர் சட்டத்தின், 2011-இல் நடைமுறைக்கு வந்த 30-ஆவது பிரிவு, இந்தியாவில் பதிவுபெற்ற எந்த வழக்கறிஞரும் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாம் என்கிறது. ஆனால் தீவுகள் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகார எல்லைக்குள் வருபவை. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் அதன் சுற்று அமர்வு கூடுகிறது. நீதிபதிகள் கல்கத்தாவிலிருந்து முறைவைத்து வருகிறார்கள். இந்த அமர்வின் நடைமுறையும், நில ஒழுங்குவிதியும், பழங்குடிப் பகுதிகளைக் காக்கும் 1956-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியும் அன்றாடப் பழக்கமாக இருப்பவர் உள்ளூர் வக்கீல்தான். அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இதே மாதிரி வழக்கை இந்தத் தீவில் நடத்தியிருக்கிறீர்களா?” என்பது. நம்ம ஊர்க்காரர், நம்ம மொழிக்காரர் என்பது பேச்சை எளிதாக்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. சிறிய ஊர் என்பதால் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: எதிராளிக்காக எப்போதாவது ஆஜரானாரா? ஒரே விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் மறுதரப்புக்கு வாதாடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. இதைக் கேட்பதால் மரியாதை குறையாது. நல்ல வக்கீல் இதைத் தானே முதலில் கேட்பார்.

விவரம் கேட்டு வாங்குவது வக்கீலின் வேலை, நாம் ஏன் தயாராகப் போக வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். கேட்பது அவர் வேலைதான். ஆனால் வடக்கே டிக்லிப்பூரிலிருந்து வருபவர், ஜாரவா காப்புப் பகுதி வழியாகக் குறித்த நேரத்துக்கு மட்டுமே அணியாக விடப்படும் வண்டிகளில் ஏறி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து வருகிறார். தெற்கே கேம்பல் பே ஆள் கப்பலை நம்பியிருக்கிறார். ஒரு காகிதம் விட்டுப்போனால் இன்னொரு பயணம். அதற்குள் காலக்கெடு ஓடிவிடும். கடன் பணத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. செக் திரும்பினால் வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுபோனதைக் காரணம் காட்டி மேல்முறையீட்டின் தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கலாம். காலாவதிச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. புதிதாகப் போடும் உரிமையியல் வழக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. தீவில் நிலத்தின் உரிமையாளர் அரசே என்பதால் பல தகராறுகளில் எதிர்த்தரப்பு நிர்வாகம்தான். அரசின் மேல் வழக்குப் போட, அவசர நிவாரணத்துக்கு நீதிமன்ற அனுமதி பெற்றாலன்றி, இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். ஆக, “என்ன நடந்தது” என்பதைவிட “எப்போது நடந்தது” என்பதே வக்கீலுக்கு முதலில் தேவைப்படுகிறது.

அதற்கு ஒரே ஒரு தாள் போதும். நடந்ததைத் தேதி வாரியாக, யார் செய்தது என்ற பெயரோடு வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். யார்மேல் கோபம் என்பது அதில் வேண்டாம். அதன் பின்னால் ஆவணங்களை அதே வரிசையில் வையுங்கள்: நிலமானால் உரிமைப் பதிவேட்டு நகலான ஃபார்ம்-எஃப், ஒதுக்கீட்டு ஆணை, வரி ரசீது, வேலை விவகாரமானால் நியமன ஆணை, மெமோ, கொடுத்த மனுக்கள், ஏற்கெனவே வழக்கு இருந்தால் அதன் எண்ணும் கடைசி உத்தரவும். அசலை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு நகலைக் கொடுப்பது நல்லது. தபால் உறையையும் தூக்கி எறியக் கூடாது. நோட்டீஸ் எந்த நாளில் கைக்கு வந்தது என்பதற்கு அதன் முத்திரை சாட்சி. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் கடைசியில் ஒரு வரியில் எழுதுங்கள். நிலம் திரும்ப வேண்டுமா, பணம் போதுமா, சமாதானம் சரிதானா என்பதை வக்கீல் ஊகிக்க முடியாது.

பாதகமான விஷயத்தை வக்கீலிடம் சொன்னால் வெளியே கசிந்துவிடாதா என்ற அச்சம், எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் இயல்பானது. ஆனால் கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்பது வெறும் நாகரிகம் அல்ல, சட்டம். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 132-ஆவது பிரிவு வக்கீலை மட்டுமின்றி அவருடைய குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பவரையும் கட்டுப்படுத்துகிறது. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்குத் துணை தேடிப் போகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்கிய முன்பணத்தையோ போட்ட கையெழுத்தையோ மறைத்தால், எதிர்த்தரப்பு அதை விசாரணையில் நீட்டும்போதுதான் உங்கள் வக்கீலுக்கே தெரியவரும். அப்போது சமாளிக்க அவருக்கு நேரம் இருக்காது.

ஃபீஸ் பற்றிப் பேசக் கூச்சப்படுவது நம் பழக்கம். ஆனால் எந்தக் கட்டம் வரைக்கும் எவ்வளவு, நீதிமன்றக் கட்டணமும் போக்குவரத்தும் அதில் சேருமா என்பதை எழுதி வாங்குவதும், கொடுத்ததற்கு ரசீது கேட்பதும் முறையே. ஜெயித்தால் பங்கு என்ற ஒப்பந்தத்தைப் பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. ஃபீஸ் பாக்கி என்று வழக்குக் கட்டை நிறுத்திவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2024 மே மாதம், வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது என்றும் தீர்ப்பளித்தது. தொழில் ஒழுக்கம் தவறியவர் மேல் புகார் கொடுக்கப் பார் கவுன்சில் இருக்கிறது. தீவுகளுக்கு அது மேற்கு வங்கப் பார் கவுன்சில். பின்னால் கிடைக்கும் பரிகாரம் இவ்வளவு தொலைவில் இருக்கும்போது, முன்னால் விசாரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பணமே இல்லாதவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள், தொழில்துறைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோர் வருமானம் பாராமல் இலவச வக்கீலுக்கு உரியவர்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். இலவசமாக வந்த வக்கீலுக்கும் அதே தேதித் தாள்தான் வேண்டும்.

முதல் சந்திப்பிலேயே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. போட்ட பிறகு வக்கீலை மாற்ற, பழையவரின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ தேடி அலைய நேரும். வழக்கு எந்த இடத்தில் தொடங்கும், கடைசி நாள் எது, செலவு எவ்வளவு, தோற்க வாய்ப்பு எங்கே என்ற நான்குக்கும் தெளிவான பதில் கிடைத்தால் பேனாவை எடுக்கலாம். நிச்சயம் ஜெயிப்போம் என்ற ஒற்றைப் பதில் மட்டும் வந்தால், காலக்கெடு தாங்குமா என்று பார்த்துக்கொண்டு இன்னொரு வக்கீலையும் கேட்டுவிடுவது நல்லது.