மணலில் ஓட்ட வேண்டுமா? முதலில் காற்றை இறக்குங்கள்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் தார் போடாத ஒரு நீண்ட சாலை இருக்கிறது. அதில் கோடு இல்லை, விளக்கு இல்லை. ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறி வந்து அதில் பதிந்த டயர் தடங்களை எல்லாம் அழித்துவிட்டுப் போகிறது. ஆனாலும் சட்டப்படி அது சாலைதான். சீட் பெல்ட் போடாவிட்டால் அபராதம் உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். ‘செவன்ட்டி பைவ் மைல் பீச்’ என்பது அதன் பெயர்.

இந்தக் கடற்கரை இருக்கும் தீவை நம்மில் பலர் பிரேசர் தீவு என்றே படித்திருப்போம். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அதற்கு அதிகாரப்பூர்வமாக அதன் பழைய பெயரே திரும்பிவிட்டது: கர்ரி. அம்மண்ணின் பூர்வகுடிகளான புச்சுல்லா மக்களின் மொழியில் சொர்க்கம் என்று பொருள். ஏறக்குறைய 120 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தீவு, உலகிலேயே மிகப் பெரிய மணல் தீவு. 1992ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தீவின் உள்ளே போகும் பாதைகளும் மணல்தான். சாதாரண காருக்கு அங்கே வேலையில்லை. நான்கு சக்கரமும் இயங்கும் பிக்கப் அல்லது ஜீப் வகை வாகனமும், முன்கூட்டியே வாங்கிய அனுமதிச் சீட்டும் வேண்டும்.

பிரிஸ்பேனில் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறையில் அங்கே போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா தம்முடைய ஹைலக்ஸ் பிக்கப்பில் எங்களை அழைத்துப் போனார். அங்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிப் பழகியவர். மணலில் ஓட்டுவது என்றால் பெரிய இன்ஜின், பெரிய டயர், ஆக்சிலேட்டரை அழுத்தி மணலை வாரி இறைத்துக்கொண்டு போவது என்றுதான் நானும் என்னோடு வந்த கிள்ளான் நண்பனும் நினைத்திருந்தோம். விளம்பரங்களில் அப்படித்தானே காட்டுகிறார்கள். இரண்டு நாளில் நாங்கள் கற்றுக்கொண்டது வேறு. மணலில் ஓட்டுவதற்கு வலிமையைவிடக் கணக்குதான் அதிகம் தேவை. காற்றுக்கு ஒரு கணக்கு, கடலுக்கு ஒரு கணக்கு.

காற்றின் கணக்கு

பிரிஸ்பேனிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓட்டினால் ரெயின்போ பீச் என்னும் சிற்றூர் வரும். அதைத் தாண்டி இன்ஸ்கிப் முனையிலிருந்து வாகனங்களை ஏற்றும் சிறிய படகு தீவுக்குப் புறப்படும். தார்ச் சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்திலேயே பலரும் வாகனத்தை நிறுத்தி டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்னடா, நல்லா இருக்கிற டயர்ல காத்தை இறக்குறாரு?” என்று நண்பன் என் காதில் கேட்டான். இதற்கான பதில் நம் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு பிக்கப்பின் எடை 2,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களும் சமமாகத் தாங்கினால் ஒவ்வொன்றின் மேலும் 600 கிலோ, அதாவது ஏறக்குறைய 6,000 நியூட்டன் விசை. இந்த விசையை டயரின் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பளவு தோராயமாகக் கிடைக்கும். நம் ஊர்ப் பெட்ரோல் நிலையங்களில் காற்றடிக்கும்போது 220 என்று வைக்கிறோமே, அது கிலோபாஸ்கல். அந்த அழுத்தத்தில் ஒரு டயர் தரையைத் தொடுவது சுமார் 270 சதுர சென்டிமீட்டர், ஓர் ஏ4 தாளில் பாதிக்கும் குறைவு. அழுத்தத்தை 125 கிலோபாஸ்கலுக்கு, அதாவது சுமார் 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் பரப்பளவு 480 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. அதே தாளில் முக்கால் பங்கு. டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் உண்மை அளவு சற்று மாறும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

டயர் பக்கவாட்டில் விரிவதைவிட முன்னும் பின்னும்தான் அதிகமாக நீள்கிறது. புல்டோசரின் சங்கிலிப் பட்டையைப் போல மணலின் மேலே படுத்து நகர்கிறது. காற்று நிறைந்த டயரோ கத்தியைப் போல மணலை வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். இறங்கிய பிறகு ஆக்சிலேட்டரை அழுத்தினால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. காற்று குறைந்த டயரோடு திடீரென்று வளைத்துத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். அப்படியே தார்ச் சாலையில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறிப் பழுதாகும். ஆகவே காற்றடிக்கும் சிறு கம்ப்ரஸரும் அழுத்தமானியும் இல்லாமல் யாரும் மணலில் இறங்குவதில்லை.

எந்த மணல்?

கடற்கரையில் எல்லா மணலும் ஒன்றல்ல. மேட்டுப் பக்கம் இருக்கும் காய்ந்த மணல், டயரின் அடியில் தண்ணீர் போல ஒதுங்கிக்கொள்ளும். அலை இப்போதுதான் விட்டுப்போன ஈர மணல் தார் போலக் கெட்டியாக இருக்கும். மணிகளுக்கு நடுவே இருக்கும் சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். சிறு வயதில் மணல் வீடு கட்டிய எல்லாருக்கும் இது தெரியும்.

அடுத்த முறை போர்ட்டிக்சன் போகும்போது ஈர மணலில் காலை அழுத்தி வைத்துப் பாருங்கள். பாதத்தைச் சுற்றிச் சட்டென்று மணல் வெளுத்துக் காய்ந்தது போலத் தெரியும். நெருக்கமாக அடுக்கியிருக்கும் மணிகளை அழுத்தும்போது அவை ஒன்றின் மேல் ஒன்று ஏறி விலகுகின்றன. இடைவெளி பெரிதாகிறது. மேலே இருந்த நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. இதை 1885ல் விளக்கியவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர். பொறியியல் மாணவர்கள் ‘ரெனால்ட்ஸ் எண்’ என்று படிப்பது இவருடைய பெயரைத்தான்.

ஆனால் நீர் அதிகமானால் எல்லாம் தலைகீழாகிவிடும். அலை வந்து போகும் இடத்தில் வாகனத்தை நிறுத்தினால், ஒவ்வோர் அலையும் டயரைச் சுற்றியுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். வாகனம் நின்ற இடத்திலேயே புதையும்.

கடலின் அட்டவணை

ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். கர்ரியில் சொல்லப்படும் பொது விதி, கடல் முழுதாக ஏறும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் கடற்கரையில் ஓட்டாதே என்பது. அப்படியென்றால் ஓட்டக் கிடைப்பது ஏறக்குறைய எட்டரை மணி நேரம். அதுவும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் இன்னும் மேலே ஏறும். காலையில் எழுந்ததும் தோழனின் அப்பா முதலில் பார்த்தது கைப்பேசியில் வந்த செய்திகளை அல்ல, கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத்தான். சாப்பாடு, குளியல், புறப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் நாள் பிற்பகல், கடல் ஏறத் தொடங்கியிருந்த நேரம். வாடகைக்கு எடுத்த ஒரு வாகனம் நீரின் விளிம்பில் நின்றிருந்தது. எங்கள் வயதுடைய நான்கு பேர். படம் எடுக்க நிறுத்தியிருக்கிறார்கள். கிளம்பும்போது சக்கரம் சுழன்றிருக்கிறது. ஓட்டியவர் மேலும் மேலும் அழுத்த, வாகனத்தின் அடிப்பகுதி மணலில் உட்கார்ந்துவிட்டது.

தோழனின் அப்பா முதலில் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். எல்லாரையும் சாமான்களோடு இறங்கச் சொன்னார். டயர் அழுத்தத்தை 100 கிலோபாஸ்கலுக்கு இறக்கினார். நாங்கள் மண்வாரியால் சக்கரங்களைச் சுற்றியும் வாகனத்தின் அடியிலும் இருந்த மணலை அள்ளினோம். பிறகு சக்கரங்களுக்குப் பின்னால் பற்கள் வைத்த நீண்ட பிளாஸ்டிக் பலகைகளைச் செருகி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுக்கச் சொன்னார். முதல் முறை நகரவில்லை. இரண்டாம் முறை வெளியே வந்தது. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். அரை மணி நேரம் கழித்து அந்த இடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

“கயிறு கட்டி இழுத்திருக்கலாமே?” என்று கேட்டேன். பின்னால் ட்ரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி இழுத்து, அது உடைந்து தோட்டா போலப் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்றார். அதற்கென்று உள்ள உறுதியான கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். அதுவும் தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னார்: “கார் போனால் இன்னொரு கார் வாங்கலாம். ஏறுகிற அலையில் நின்று காரைத் தள்ளினால் ஆள் போய்விடும். அந்த நேரம் வந்தால் விட்டுவிட்டு மேலே நடந்துவிட வேண்டும்.”

நேராகத் தெரியும் பாதை

பரந்த வெறுங்கடற்கரையைப் பார்த்தால் விமான ஓடுதளம் போலத்தான் இருக்கும். உண்மையிலேயே அங்கே சிறு விமானங்களும் இறங்குகின்றன. அவற்றுக்கு வாகனங்கள் வழிவிட வேண்டும். அதனால்தான் வேகத்தின் ஆசை வருகிறது. ஆனால் உள்ளே இருந்து ஓடிவரும் ஓடைகள் கடற்கரையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலில் கலக்கின்றன. அந்த அறுப்பு தூரத்திலிருந்து தெரியாது. கிட்டே வந்த பிறகு பிரேக்கை மிதித்தால் டயருக்கு முன்னால் மணல் குவியும். திருப்பினால் வாகனம் கவிழும். 2009ல் இளம் சுற்றுலாப் பயணிகள் இறந்த விபத்துகளுக்குப் பிறகு தீவில் விதிகள் இறுக்கப்பட்டன. பலர் ஒன்றாக வாடகை வாகனத்தில் ஏறிக்கொண்டு, மணலில் முன்பின் பழக்கமில்லாமல் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து.

கடற்கரை யாருடையது?

இந்தப் பயணத்தில் என்னை யோசிக்க வைத்த இன்னொன்று உண்டு. நாம் தேடும் அந்தக் கெட்டியான ஈர மணல் காலியான இடமல்ல. ‘பிப்பி’ என்னும் சிப்பிகள் அதன் அடியில் சில சென்டிமீட்டர் ஆழத்தில் வாழ்கின்றன. புச்சுல்லா மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்ட உணவு அது. அவர்கள் உண்டு போட்ட சிப்பி ஓடுகளின் குவியல்கள் இன்றும் தீவில் இருக்கின்றன. மேட்டு மணலில் பேய் நண்டுகள் வளை தோண்டி இரவில் வெளியே வருகின்றன. வாகனங்கள் இந்த உயிர்களை நசுக்குவதை குவீன்ஸ்லாந்துக் கடற்கரைகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மணல் மேடுகளின் மேல் ஏறினால், மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் செடிகள் சாகும். பிறகு காற்று அந்த மேட்டையே தூக்கிக்கொண்டு போகும்.

இதைக் காரணம் காட்டி வாகனங்களையே தடை செய்ய வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அந்தப் பயணம் எனக்குக் கொடுத்த மகிழ்ச்சியையும் நான் மறைக்கப் போவதில்லை. இரவில் ஓட்டாமல், மேடுகளில் ஏறாமல், ஏற்கெனவே உள்ள தடத்தில் போவது என்பதுதான் இப்போதைக்கு நான் எனக்கு வைத்துக்கொண்ட எல்லை.

நம் நாட்டில் பிக்கப் வைத்திருப்பவர்கள் ஏராளம். கிழக்குக் கரைக்குப் போனால் கடற்கரையில் இறக்கிப் பார்க்கும் ஆசையும் வரும். ஆனால் திரெங்கானுவிலும் பகாங்கின் செராத்திங் பக்கமும் ஆமைகள் முட்டையிடுகின்றன. முட்டைகள் மணலுக்குள் இருப்பதால் மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொரித்து வரும் குஞ்சுகளுக்கு ஓர் ஆழமான டயர் தடமே பெரிய பள்ளம். அதில் விழுந்தால் கடலுக்குப் போக வழி தெரியாமல் அலையும். கர்ரி போல அனுமதியும் விதியும் வகுக்கப்படாத கடற்கரையில் வாகனத்தை இறக்காமல் இருப்பதே நல்லது.

ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வாகனம் வாடகைக்கு எடுக்கும்போது ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். சாதாரண வாடகை வாகனங்களைப் பெரும்பாலும் மணலில் ஓட்டக் கூடாது. மீறினால் காப்புறுதி செல்லாது. மணலுக்கென்றே வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் எடுங்கள். முடிந்தால் முதல் முறை அனுபவமுள்ள ஒருவரோடு போங்கள். திரும்பி வந்து தார்ச் சாலையைத் தொடும் முன் டயரில் காற்றை நிரப்புங்கள். அன்றைக்கே வாகனத்தின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு இரும்பைத் தின்ன நாள் பார்க்காது.