ஏற்றத்தில் நிற்கும் எஞ்சின்

கண்டி மாநகரிலே சமதரையைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. வாவியைச் சுற்றிய வீதியையும் கடைத்தெருவையும் விட்டால், அம்பிட்டியாவுக்குப் போனாலும் ஏற்றம், ஹந்தானைக்குப் போனாலும் ஏற்றம். கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்கோ ஏற்றத்தின்மேல் ஏற்றம். இத்தகைய ஊரில் ஒரு சிறு மோட்டார் சைக்கிள் குடும்பத்துக்கு எத்துணை பெரிய துணை என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், பகலில் மரக்கறி மூட்டையைச் சுமப்பதும், அகாலத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதும் அதுவேயாகும். 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை திறக்கப்படவில்லை; அவ்வைந்தாண்டுக் காலமும் பழைய வண்டியைப் பேணிக் காத்தவர்களே பிழைத்தனர். அத்தகைய வண்டி பாதி ஏற்றத்தில் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டால், வீட்டின் வரவு செலவுக் கணக்கும் அங்கேயே நின்றுவிடுகிறது.

தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றே: "கொம்பிரஷன் இல்லை, எஞ்சினைக் கழற்ற வேண்டும்." இத்தீர்ப்பின் முற்பாதி உண்மையாக இருக்கலாம். பிற்பாதியை அக்கணமே ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நியதி எதுவுமில்லை.

கொம்பிரஷன் என்பது யாது? எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. முதல் ஓட்டத்திலே காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்து உள்ளே வருகின்றன. இரண்டாவதில், வால்வுகள் இரண்டும் மூடிக்கொள்ள, அக்கலவை ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. மூன்றாவதில் தீப்பொறி பட்டு வெந்த வாயு பிஸ்டனைத் தள்ளுகிறது. நான்காவதில் புகை வெளியேறுகிறது. ஜேர்மனியரான நிக்கொலாஸ் ஓட்டோ 1876இல் ஓட்டிக் காட்டிய முறை இது. இரண்டாம் ஓட்டத்தின் நெருக்கத்தையே கொம்பிரஷன் என்கிறோம். ஓட்டைத் துருத்தியைக் கொண்டு கொல்லன் உலையை மூட்ட முடியுமா? நெருக்கம் குறைந்தால் எங்கோ கசிவு உண்டு. கசியத்தக்க வாசல்கள் மூன்று: வால்வுகள், பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகள், உருளைக்கும் தலைக்கும் இடையிலுள்ள காஸ்கற். இவற்றுள் ரிங்கைத் தொட்டால் செலவு மிகுதி. வால்வுக்கோ பல சமயங்களில் ஒரு திருகாணியைச் சற்றுத் திருப்பினாற் போதும்!

எமக்கு அறிமுகமான சிற்றூழியர் ஒருவரின் வண்டி ஹந்தானை ஏற்றத்தில் நாள்தோறும் நின்றது. அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தால் ஒன்றும் அறியாததுபோல் மீண்டும் ஓடும். ஒரு கராஜில் பிஸ்டனும் ரிங்கும் மாற்றவேண்டும் என்று, அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் தொகை சொன்னார்கள். அவர் கடன் கேட்கப் புறப்படுமுன், கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலிருந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். முதியவர் வண்டியைத் தொடவில்லை. "காலையில ஸ்டார்ட் எடுக்குதா, தம்பி?" என்று கேட்டார்.

"ஒரே உதையில எடுக்குதுங்க ஐயா. சூடாகி நின்னா மட்டும் உயிரே வராது."

"அப்ப ரிங் இல்ல. டெப்பெட்டப் பாப்போம்."

முதியவரின் கேள்விக்குள் ஒரு சாத்திரமே அடங்கியிருந்தது. வால்வு நாளடைவில் தன் இருக்கையில் ஆழப் பதிகிறது. அதனால் அதன் தண்டு மேலெழுந்து, அதை அமுக்கும் நெம்புகோலுக்கும் தனக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியை விழுங்கிவிடுகிறது. பழைய சிறு ஹொண்டா எஞ்சின்கள் பலவற்றில் இவ்விடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கையில், 0.05 மில்லிமீற்றர், மெல்லிய தலைமயிரின் பருமன்தான். அதுவும் அற்றுப்போனால், சூட்டினால் தண்டு நீளும்போது வால்வு முழுவதும் மூடாது. குளிரில் ஓடிச் சூட்டில் சாகும் எஞ்சினின் இரகசியங்களுள் முதலில் ஐயுறத்தக்கது இதுவே. அன்று மறுநாட் காலையில், எஞ்சின் ஆறியபின், முதியவர் இடைவெளியைச் சரிசெய்து கொடுத்தார். வண்டி ஹந்தானை ஏறியது.

இடைவெளி சரியாக இருந்தும் குறை தீராவிடில், அமுக்கமானி கொண்டு அளக்கவேண்டும். எஞ்சினைச் சிறிது ஓட்டிச் சூடேற்றி, பிளக்கைக் கழற்றி, அத்துளையில் மானியைப் பொருத்தி, முள் மேலும் ஏறாத வரை பல தடவை உதைக்கவேண்டும். அப்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகிப் பிடிக்க மறந்தால் காற்று உட்புகாது. நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தோன்றும். இப்பிழையால் வீணே அறுக்கப்பட்ட எஞ்சின்கள் எத்தனையோ! நலமான சிறு எஞ்சின் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 180 இறாத்தல் வரை காட்டும். சரியான அளவு அவ்வவ் வண்டியின் கைந்நூலில் உண்டு. எளிதாக உதைப்பதற்கென நெருக்கத்தைத் தானே தளர்த்தும் அமைப்புள்ள எஞ்சின்களில் முள் குறைவாகவே நிற்கும்.

மலைநாட்டார் கருதவேண்டியது மற்றொன்றும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் காற்றின் அமுக்கம் கொழும்பிலும் பார்க்க நூற்றுக்கு ஆறு பங்கு குறைவு. 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மானியின் முள்ளும் அவ்வளவுக்குத் தாழும். அது நோயன்று, இடத்தின் இயல்பு.

முள் மிகத் தாழ்ந்தால், பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளப்பர். அளவு உயர்ந்தால் ரிங்கின் குறை. உயராவிட்டால் வால்வு அல்லது காஸ்கற். ஆனால் உருளை படுக்கையாக அமைந்த எஞ்சின்களில் எண்ணெய் அடிப்பக்கத்தில் தேங்கிவிடுவதால், இச்சோதனையை முழுதாக நம்பலாகாது. அவற்றுக்கு, வால்வுகள் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, உருளைக்குள் காற்றைச் செலுத்திக் காது கொடுப்பதே சிறந்தது. காபரேற்றரில் சீறினால் உள்வால்வு. புகைக்குழாயில் சீறினால் வெளிவால்வு. எண்ணெய் ஊற்றும் வாயிலில் சீறினால் ரிங்.

ரிங் தேய்வதற்குக் கலப்பட எண்ணெயும் ஒரு காரணம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தார் சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய திறமையை வியவாதார் இல்லை. ஆயினும் முற்றாக எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, அடியிலுள்ள எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்துவிடும். அன்று வேறு வழியிருக்கவில்லை. இன்று அவ்வாறு ஓட்டுவதற்கு நியாயமில்லை.

சிறுவர்கள் ஓட்டும் நாற்சக்கரச் சிறு வண்டிகளுக்கும் இவையெல்லாம் பொருந்தும். அவற்றுள் பல, 1958இல் வெளிவந்து 2017க்குள் பத்துக் கோடி என்ற எண்ணிக்கையைத் தாண்டிய ஹொண்டா சூப்பர் கப் வண்டியின் வழிவந்த படுக்கை எஞ்சினையே தாங்கியவை. அவற்றில் குழந்தையின் பாதுகாப்புக்காக ஆக்சிலரேட்டரைக் கட்டுப்படுத்தும் திருகாணி ஒன்று உண்டு. அது இறுகியிருக்க, "வண்டி இழுக்கவில்லை" என்று கராஜுக்கு ஓடும் தந்தையர் உளர். அளக்கும்போது மட்டும் அதைத் தளர்த்தி, பின்னர் மறவாமல் இறுக்கிவிடவேண்டும். பற்றரி தளர்ந்து எஞ்சின் மெதுவாகச் சுழன்றாலும் முள் ஏறாது.

இவ்வளவும் பார்த்தபின் ரிங்தான் குற்றவாளி என்று தெரிந்தால், எஞ்சினைக் கழற்றுவதில் தயக்கம் வேண்டாம். உருளையை அளந்த அளவை எழுதித் தருமாறு மெக்கானிக்கிடம் கேளுங்கள். உருளை அளவுக்கு மேல் தேய்ந்திருந்தால், அதைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடவேண்டும். பல எஞ்சின்களுக்கு 0.25 மில்லிமீற்றர் படிகளில் பெரிய பிஸ்டன்கள் கிடைக்கின்றன. தேயாத உருளைக்குப் புதிய ரிங்கே போதுமானது. கழற்றிய பழைய உறுப்புகளைக் கையோடு வாங்கி வாருங்கள். புதிய ரிங் போட்ட வண்டியை முதற் சில நூறு கிலோமீற்றர் வரை பாரமேற்றி ஹந்தானைக்கு விரட்டாமல், வாவி வீதியிலேயே ஓட்டிப் பழக்குங்கள்.