கால்களிலிருந்து தொடங்கிய கோட்டை

"தாத்தா, இது நடக்கணும்" என்று பேத்தி நீட்டிய நோட்டில் எட்டுக் கோபுரங்கள் இருந்தன. ஜன்னல், கொடி, புகைபோக்கி, மாடத்தில் ஒரு பூனை. எல்லாவற்றுக்கும் அடியில், தாளில் இடம் போதாமல், நாலு குச்சிக் கால்கள்.

கோடை விடுமுறைக்குப் பெரம்பலூர் வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு முடித்தவள். ஹயாவோ மியாசாகி இயக்கி 2004-இல் வெளிவந்த 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' படத்தை எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே கணக்கில்லை. தகரமும் மரமுமாக ஒட்டுப்போட்ட ஒரு கோட்டை, கோழிக்கால் போன்ற நாலு கால்களில் முனகிக்கொண்டே மலைச்சரிவில் நடக்கும் படம் அது. அதற்கு மூலமான நாவலை இங்கிலாந்தின் டயானா வின் ஜோன்ஸ் 1986-இல் எழுதினார். அவர் போயிருந்த ஒரு பள்ளியில் ஒரு பையன், நகரும் கோட்டையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறான். அவன் பெயரைக் குறித்துப் பத்திரமாக வைத்த இடம் மறந்துபோனது என்று நூலின் தொடக்கத்திலேயே அவர் சொல்லியிருக்கிறார். முப்பது வருடம் பள்ளிகளில் ஓவியமும் கைவேலையும் சொல்லிக்கொடுத்த எனக்கு, பெயர் தெரியாத அந்தப் பையன் மேல் தனிப் பிரியம் உண்டு.

"கோபுரத்தை அப்புறம் பாக்கலாம்டா கண்ணு. முதல்ல காலைப் போடு" என்றேன். அவள் முகம் சுருங்கியது. அதனால் பழைய சங்கதி ஒன்றைச் சொன்னேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக் கண்காட்சிக்காகப் பிள்ளைகளும் நானும் சக்கரம் வைத்த கோட்டை ஒன்று செய்தோம். கோபுரங்களைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்திருந்தோம். எல்லோரும் கூடி நிற்க, முதல் தள்ளலிலேயே தலைகுப்புற விழுந்து நொறுங்கியது. கோபுரம் செய்த பையன் அன்று அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. தவறு அவனுடையது அல்ல. மேலே கனத்தை ஏற்றவிட்டவன் நான்.

நகரும் கோட்டை நமக்குப் புதிதும் அல்ல. பொன், வெள்ளி, இரும்பு என்று மூன்று கோட்டைகள் வானத்தில் திரிந்ததைத் திரிபுரக் கதை சொல்கிறது. தூங்கெயிலை அழித்த சோழனைச் சங்கப் பாடல்கள் புகழ்கின்றன. தூங்குதல் என்றால் அங்கே தொங்குதல். ஆகாயத்தில் தொங்கிய கோட்டை. முப்புரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவன் ஏறிய தேரின் அச்சு முறிந்த இடம்தான் அச்சிறுபாக்கம் என்பார்கள். சென்னையிலிருந்து பெரம்பலூர் வரும் சாலையில்தான் அந்த ஊர் இருக்கிறது. பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம், கதை கட்டியவர்கள் தேர்வேலை தெரிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். இறைவன் ஏறிய தேரானாலும் அச்சுத் தாங்க வேண்டும் அல்லவா?

எனக்குத் தெரிந்து, ஒரு கட்டடத்தையே நகர்த்துவது எப்படி என்று முழுசாக யோசித்து முடித்தவர்கள் நம் தேர்த்தச்சர்கள். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு நிற்கும்போது 96 அடி, எடை சுமார் 300 டன் என்று சொல்வார்கள். அவ்வளவு உயரம் எப்படிச் சாயாமல் வருகிறது? பேத்தியைக் கூட்டிக்கொண்டு அரியலூர்ப் பக்கம் கல்லங்குறிச்சிக்குப் போய், கலியுக வரதராசப் பெருமாள் கோவில் தேரைக் காட்டினேன். திருவிழா இல்லாத நாள். அலங்காரம் எதுவும் இல்லாமல் நின்றது. "பாதிதான் இருக்கு?" என்றாள். அந்தப் பாதியில்தான் எல்லாம் இருக்கிறது. சக்கரம், அச்சு, அதன்மேல் அகன்றுகொண்டே போகும் 'பார்' என்னும் அடுக்குகள், பாரெங்கும் சிற்பம். கனமான மரம் அத்தனையும் கீழே. திருவிழா நெருங்கும்போதுதான் அதற்கு மேலே மூங்கிலைக் கட்டி, தேர்ச்சீலை போர்த்தி, துணித் தொம்பைகளைத் தொங்கவிட்டு, உச்சியில் கலசம் வைப்பார்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற மேல்பாகம் வெறும் மூங்கிலும் துணியும்.

இன்னொன்றையும் சொன்னேன். கோவில் தேருக்குக் காரில் இருப்பதுபோல் ஸ்டியரிங் கிடையாது. அச்சு திரும்பாது. வடம் பிடிப்பவர்கள் இழுக்க, சக்கரத்தோடு சக்கரமாக நடந்து வருகிறவர் முட்டுக்கட்டையைக் கொடுப்பார். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துச் சக்கரம் கட்டையில் ஏறித் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். தேர் நகராமல் அடம்பிடித்தால் பின்னாலிருந்து உலுக்குமரம் போட்டு நெம்புவார்கள். ஓடும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டை போடுகிறவரின் தைரியத்தைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

இதிலிருந்து எங்கள் மாதிரிக்கு இரண்டு முடிவுகள் கிடைத்தன. கனம் கீழே, மேலே எல்லாம் லேசு. இடப்பக்கத்துக்கு ஒரு மோட்டார், வலப்பக்கத்துக்கு ஒரு மோட்டார். ஒன்றைத் தயங்கவிட்டால் கோட்டை திரும்பும். காயலான் கடையில் பழைய கார் வைப்பர் மோட்டார் இரண்டு வாங்கினோம். மெதுவாகச் சுற்றும், ஆனால் பலம் அதிகம். 12 வோல்ட் பேட்டரி போதும்.

உடம்புக்கு ரஞ்சன்குடி. பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் அந்தக் கோட்டையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள்; இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. ஆற்காட்டு நவாபின் ஜாகீர்தார் காலத்துக் கோட்டை. 1751-இல் இந்த வட்டாரத்தில்தான் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒருபக்கம், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபக்கம் நின்று வாலிகொண்டாபுரம் போரை நடத்தினார்கள். சுற்றிலும் அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், வெவ்வேறு மட்டத்தில் மதில்கள். பேத்தி தரையில் உட்கார்ந்து ஒரு கொத்தளத்தை மட்டும் அரைமணி நேரம் வரைந்தாள். எழுந்தபோது எட்டுக் கோபுரம் மூன்றாகியிருந்தது. உயரமான கோபுரத்தைவிட உருண்டைக் கொத்தளம்தான் நடக்கும் பிராணியின் தோள் மாதிரி இருக்கிறது என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததல்ல அது.

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூருக்கும் போனோம். கோவில் வாகனங்களும் தேர்ச்சிற்பங்களும் செய்கிற ஊர். இந்த மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, மா, வேம்பு என்று மரம் பார்த்து எடுத்து, ஒரே கட்டையிலிருந்து உருவத்தை வெளியே கொண்டுவருவார்கள். உளி இறங்குகிற பட்டறையில் பேச்சே தேவையில்லை. பார்த்துக்கொண்டு நின்றால் போதும். யாளியின் வாயில் எதற்காக அவ்வளவு பல் என்று பேத்தி கேட்டாள். செதுக்கிக்கொண்டிருந்த சிற்பி நிமிராமலே, தேர் வரும்போது தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் தெரிய வேண்டுமே என்றார். கழித்துப்போட்ட வாகைத் துண்டுகள் ஒரு பை நிறையத் தந்தார். எங்கள் கோட்டையின் அடிப்பீடம் அந்த வாகைதான். மேலே உள்ள கொத்தளங்கள் நெட்டி. தஞ்சாவூரில் பெரிய கோவில் மாதிரிகள் செய்வார்களே, அந்த வெண்மையான, காற்றைப்போல் லேசான தண்டு.

இனி கால். சுழலும் மோட்டாரிலிருந்து நடக்கும் காலைப் பெறுவது பழைய கணக்கு. ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் 1878 பாரிஸ் கண்காட்சியில் நாலு கால் நடை இயந்திரத்தைக் காட்டினார். நெதர்லாந்தின் தியோ யான்சன் 1990 முதல் பிளாஸ்டிக் குழாய்களால் கடற்கரையில் காற்றில் நடக்கும் உருவங்களைச் செய்துவருகிறார். ஒவ்வொரு காலும் கட்டைகளை ஊசிமூட்டுகளில் இணைத்த பின்னல். கட்டைகளின் நீளங்கள் சரியான விகிதத்தில் இருந்தால், பாதம் தரையைத் தொடும்போது நேர்கோட்டில் பின்னால் போகும். பிறகு தூக்கி முன்னால் வைக்கும். அந்த விகிதங்களை யான்சன் கணினியில் மாதக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்தார். முறுக்குத் தண்டு 15 என்றால் மிக நீளமான கட்டை 65.7. அந்த எண்களை அப்படியே மில்லிமீட்டராக எடுத்து 3 மி.மீ. பிளைவுட்டில் அறுத்தோம். ஒரு பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு கால்கள். முறுக்குகளை 120 பாகை இடைவெளியில் வைத்தால் எந்த நொடியிலும் சில பாதங்கள் தரையில் ஊன்றியிருக்கும். அதனால் உடம்பு குலுங்காது.

ஆனால் பன்னிரண்டு சின்னக் கால்கள் ஓடுவதைப் பார்த்தால் கோட்டை மரவட்டையாகிவிடும். "இது கோட்டை நடை இல்ல தாத்தா" என்றாள். சரியான பேச்சு. அதற்கு விடை அரியலூர் மண்ணிலேயே இருந்தது. கள்ளமேட்டில் கிடைத்த எலும்புகளை நிலவியலாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்து 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்டது என்று பொருள். முதலில் ஊன் தின்னும் டைனோசர் என்று எண்ணினார்கள். பின்னால் வந்தவர்கள் தழை தின்னும் டைட்டனோசர் என்றார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். தரையில் நடந்தவற்றில் இதுவே மிகப் பெரியதாக இருந்திருக்கலாம். அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. 2022-இல் பழைய புகைப்படங்கள் வெளியானபோது நான் வெகுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் நடந்த ஒன்றின் கால், நம் கைக்குள் வந்து, நழுவிவிட்டது.

அந்த வகை விலங்குகளுக்குக் கோழிக்கால் கிடையாது, தூண் கால். கோட்டையைச் சுமக்க அதுதானே பொருத்தம்? நெட்டியில் நாலு தடித்த தூண் கால்கள் செதுக்கி, மூலைக்கு ஒன்றாகச் சைக்கிள் ஸ்போக்கில் கோத்துத் தொங்கவிட்டோம். வேலை செய்கிற பன்னிரண்டும், தேரில்போல் சுற்றித் தொங்கவிட்ட தொம்பைத் துணிக்குப் பின்னால் மறைந்துவிட்டன. உள்ளே அவை நடக்க, வெளியே பெரிய கால்கள் மெல்ல வீசி ஊன்றுகின்றன.

கடைசியாக, கோட்டை ஏன் நடக்கிறது என்ற கேள்வி. காரணம் இல்லாத நகர்வு பொம்மையாகவே நின்றுவிடும். அரியலூர் அருகே வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்தில் அம்மோனைட் என்ற பழங்கடல் உயிர்களின் சுருள்சுருளான ஓடுகளைப் பார்த்தபோது பேத்திக்கு விடை கிடைத்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. இந்த வட்டாரத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கெல்லாம் தீனியாகும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனது. "கடலைத் தேடிக்கிட்டுப் போகுது தாத்தா" என்றாள். நடுக்கொத்தளம் அன்று இரவே அம்மோனைட் சுருளாக மாறியது.

நேற்று கூடத்துச் சிமெண்ட் தரையில் பதினொரு அடி வைத்தது. வலப்பக்கத்து நாலாவது கால் இடறுகிறது. ஊசிமூட்டு ஓட்டையை ஒரு நூல் தளர்த்த வேண்டும். ராத்திரி படுக்கப் போகுமுன் பேத்தி அதைத் தூக்கி, வாசலுக்கு நேராக, கிழக்கே பார்த்து நிறுத்திவிட்டுப் போனாள்.