‘ஜெய் ஹோ’வைக் கடத்திச் சென்ற குரல்கள்

வேற்று மொழிப் பாட்டு ஒன்று அமெரிக்கப் பட்டியலில் ஏறிவிட்டால், ஆங்கிலம் கலந்ததால்தான் ஏறியது என்று சொல்லிவிடுகிறோம். ஸ்பானிய மொழிப் பாட்டுகளின் வரலாறு இந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கத்தான் செய்கிறது. செவில் நகரத்துக்குப் பக்கத்திலிருந்து வந்த லோஸ் டெல் ரியோ இருவர் குழு 1993-இல் வெளியிட்ட ‘மக்கரேனா’, ஆங்கில வரிகள் சேர்த்து ரீமிக்ஸ் ஆன பிறகுதான் 1996-இல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. 2017-இல் ஜஸ்டின் பீபரும் சேர்ந்து பாடிய வடிவம் வந்தபின்தான் ‘டெஸ்பாசீத்தோ’ அங்கே முதலிடத்துக்குப் போய் 16 வாரம் இருந்தது. ஆனால் இன்றைக்கு யாரையாவது ‘மக்கரேனா’ பாடச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில வரி ஒன்றுகூட வராது. செவில் பக்கத்துப் பல்லவிதான் வரும். கதவைத் திறந்தது ஆங்கிலமாக இருக்கலாம். உள்ளே போய் நிலைத்தது, தன் மண்ணில் பழகிய குரலும் தாளமும்தான்.

நம் பக்கத்தில் இதற்குச் சரியான சான்று ‘ஜெய் ஹோ’. டேனி பாயலின் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான் தந்த இந்தப் பாட்டை எழுதியவர் குல்சார். 2009 பிப்ரவரி 22 அன்று இருவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. அதே ஆண்டில் புஸ்ஸிகேட் டால்ஸ் குழு ஆங்கில வடிவம் ஒன்றைப் பாடியது. அது ஆஸ்திரேலியாவில் முதலிடமும் பிரிட்டனில் 3-ஆம் இடமும் அமெரிக்காவில் 15-ஆம் இடமும் பிடித்தது. அதில் குல்சாரின் வரிகள் போய்விட்டன. பாட்டு காதல் பாட்டாகவே மாறிவிட்டது. மாறாமல் நின்றது பல்லவியில் உயரே எழும் அந்தக் கூவல். மூல வடிவத்தில் சுக்விந்தர் சிங் பாட்டைத் தாங்கிச் செல்ல, அந்தக் கூவலை எழுப்பியவர் மைசூரில் பிறந்த விஜய் பிரகாஷ். தமிழர்களுக்கு ‘நான் கடவுள்’ படத்தின் ‘ஓம் சிவோஹம்’, ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வின் ‘ஹோசானா’ பாடியவர் என்றால் உடனே தெரியும். அவருடைய பெற்றோர் இருவரும் கர்நாடக இசைக்காரர்கள். சரளி வரிசை, ஜண்டை வரிசை முடித்து மேல்ஸ்தாயி வரிசைக்கு வரும் குழந்தை முதலில் பழகுவதே மேல் ஷட்ஜத்தில் குரலைத் திறந்து, ஆடாமல் நிறுத்துவதைத்தான். ‘ஜெய் ஹோ’வின் உச்சியில் நாம் கேட்கும் குரலுக்குப் பின்னால் அந்தப் பயிற்சி நிற்கிறது என்பது என் துணிபு.

மைசூரில் இப்படி ஒரு குரல் விளைந்ததும் வியப்பில்லை. ‘ஸ்ரீவித்யா’ என்ற முத்திரையோடு கீர்த்தனைகள் இயற்றிய மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார், 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசிப் பாடல்கள் நான்கும் முதன்முறை அரங்கேறப் பொருளுதவி செய்தவர். ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கொலாய் மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டுகளாக்கச் செலவு செய்தவரும் அவரே. மேற்கத்திய இசையை நெருங்கியதால் அவருடைய கீர்த்தனைகளில் ராக சுத்தம் குறைந்துவிடவில்லை. இரண்டையும் முழுமையாகக் கற்பது அரண்மனைக்கு மட்டும் வாய்த்த வசதி அன்று; இன்று மைசூரில் வீட்டில் கீர்த்தனையும் காதுக்கருவியில் ஸ்பானியப் பாட்டுமாக வளரும் பிள்ளைகளுக்கும் அது முடியும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். ‘ஜெய் ஹோ’வைப் பரப்பியது குரலா? 8 ஆஸ்கர் வாங்கிய படம் அல்லவா? படம் இல்லாவிட்டால் உலகம் இதைக் கேட்டிருக்காது என்பது உண்மை. ஆனால் அதே படத்தில் ரஹ்மானும் ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மாயா அருள்பிரகாசமும் சேர்ந்து படைத்த ‘ஓ சாயா’வும் அதே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அருமையான பாட்டு அது. படத்தின் வெளிச்சம் இரண்டின் மீதும் விழுந்தது. ஊர் ஊராக வாயில் நின்றது ஒன்றுதான். மெட்டு ரஹ்மானுடையது, பாடகர் சொன்னதைப் பாடினார், அவ்வளவுதானே என்றும் கேட்கலாம். மெட்டு அவருடையதுதான். அந்த மெட்டுக்கு எந்தத் தொண்டை வேண்டும் என்று தேர்ந்ததும் அவர்தான். எந்தத் தொண்டையும் போதும் என்றிருந்தால் தேர்வே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ‘ஜெய் ஹோ’வில் வரும் ஸ்பானிய வரிகள், இலத்தீன் அலை அடித்த காலத்தில் நம் சினிமா தூவிக்கொண்ட அலங்காரம்தானே என்பது. பல படப் பாட்டுகளைப் பற்றி இந்தக் குறை நியாயமானது. அர்த்தமே தெரியாமல் இரண்டு சொல்லைச் செருகுவது இன்னும் நடக்கிறது. இந்தப் பாட்டில் அப்படி இல்லை. ஸ்பானியப் பகுதியை எழுதியவர் சென்னைப் பாடகி தன்வி ஷா, பாடியவரும் அவரே. திரைப்படத்துக்காக எழுதப்பட்ட சிறந்த பாட்டுக்கான கிராமி 2010-இல் ரஹ்மான், குல்சார் இருவரோடு அவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. சென்னையில் இருப்பவர் ஸ்பானியத்தில் எழுதி, அதற்கு அமெரிக்காவில் பாடலாசிரியர் என்ற விருதும் வாங்கியதை அலங்காரம் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் அந்த விருது பாட்டை ஆக்கியவர்களுக்கானது. பாடியதற்காக மட்டும் யாருக்கும் அதில் பங்கில்லை. அதனால் தன்விக்குக் கிடைத்தது, விஜய் பிரகாஷுக்குக் கிடைக்கவில்லை. படத்தின் முடிவில் ரயில் நிலையத்தில் வரும் ஆட்டத்தை அமைத்த லாங்கினஸ் பெர்னாண்டஸின் பெயர் படத்தின் பெயர்ப் பட்டியலிலேயே விடுபட்டுப்போனது. ஆஸ்கர் மேடையில் நின்று டேனி பாயலே அதைச் சொல்லி வருந்தினார். கோடிக்கணக்கானவர்கள் ஆடிய ஆட்டத்துக்கே இந்த நிலை. ஒரு பாட்டு எல்லை தாண்டும்போது அதைச் சுமந்தவர்களின் பெயர்தான் முதலில் உதிர்கிறது. இதை விதி என்று ஏற்க நான் தயாரில்லை. பாட்டு வணிகமாகும்போது பாடகருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்பதை 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஏற்றது. அடுத்த ஆண்டே அதை வசூலிக்கப் பாடகர்கள் தமக்கென ஓர் அமைப்பும் தொடங்கினார்கள். ‘ஜெய் ஹோ’ அந்தச் சட்டத் திருத்தத்துக்கு 4 ஆண்டு முந்தையது. பணத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். பெயரைச் சேர்க்கச் சட்டம் தேவையில்லை. பாட்டுச் செயலிகளும் இசை நிறுவனங்களும் நினைத்தால் பழைய பாட்டுகளுக்கும் பல்லவி பாடியவர், கூட்டுக்குரல் கொடுத்தவர், ஆட்டம் அமைத்தவர் என்று தனித்தனியே பெயர் போட்டுவிடலாம்.