பயற்றுவண்டின் தெரிவு

சேமித்துவைத்த பயற்றிலே சிறு துளைகளைக் காணாத இல்லம் அரிது. அத்துளைகளுக்குக் காரணம் பயற்றுவண்டு. தாய்வண்டு விதையின் மேற்றோலில் முட்டையை ஒட்டிவைக்கிறது. முட்டையினின்று தோன்றும் புழு விதையைத் துளைத்து உட்சென்று, அதனையே உண்டு வளர்ந்து, வண்டாகி வெளிவருகிறது. வேறொரு விதைக்குச் செல்லப் புழுவால் இயலாது. ஆகவே தாய் தெரிந்தெடுக்கும் விதையே பிள்ளையின் விதியாகிறது.

இத்தெரிவு எங்கும் ஒரே தன்மையதன்று. 1979இல் திருநெல்வேலியில் பாசிப்பயற்றிலும் உளுந்திலும் எடுக்கப்பட்டு, ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்க்கப்பட்ட குலத்தில், தாய்வண்டு முட்டையுள்ள விதையை இயன்றவரை தவிர்க்கிறது. அச்சிறு விதைக்குள் புழுக்கள் இரண்டு புகுந்தால் பெரும்பாலும் ஒன்றே பிழைக்கும். பிரேசில் நாட்டின் பருத்த கௌப்பி விதையிற் பெறப்பட்ட குலமோ அத்துணைக் கண்டிப்புடையதன்று. அதன் புழுக்கள் பல ஒரே விதையைப் பகிர்ந்துண்டு பிழைக்கின்றன.

இவ்வேற்றுமை பழக்கத்தால் வந்ததா, பிறப்பால் வந்ததா? இரு குலங்களையும் கலந்து பெற்ற பெண்வண்டுகள் இடைப்பட்ட முறையில் முட்டையிட்டன. எனவே இது பரம்பரையாக வரும் இயல்பேயாகும். ஆயினும் அது மாறாத இயல்பன்று. திருநெல்வேலிக் குலத்தைப் பல தலைமுறைகள் கௌப்பியில் வளர்த்தபோது அதன் கண்டிப்புத் தளர்ந்தது.

களஞ்சியத்துக்கு இதனால் விளைவது யாது? முட்டைகளைப் பரப்பியிடும் கவனமுள்ள தாயே மிகுதியான விதைகளைத் துளைபடச் செய்கிறாள். ஆதலால் ஓரூர் வண்டிற் கண்ட முடிபை மற்றோர் ஊர்க் களஞ்சியத்துக்கு ஆராயாது பொருத்துதல் தகாது.