சி மொழியில் அணிகள்: 72 படுக்கை, 73 பேர்

பள்ளியில் பைத்தான் படித்த நம் பிள்ளைகள் கல்லூரியில் சி மொழிக்கு வந்ததும் முதலில் தடுக்கி விழும் இடம் அணி, அதாவது அர்ரே. பைத்தானின் லிஸ்ட் சேர்க்கச் சேர்க்க வளரும். சி மொழியின் அணி வளராது. நாம் ஊருக்குப் போகும் ரயிலில் 72 படுக்கை கொண்ட ஸ்லீப்பர் பெட்டி மாதிரிதான். எழுபத்து மூன்றாவது ஆளுக்குப் படுக்கை கிடையாது.

'இன்ட் மார்க்[5];' என்று எழுதினால் ஐந்து முழு எண்களுக்கு நினைவகத்தில் அடுத்தடுத்து இடம் ஒதுக்கப்படும். இன்றைய கணிப்பொறிகளில் பெரும்பாலும் ஓர் எண்ணுக்கு 4 பைட். முதல் எண் 1000 என்ற முகவரியில் இருந்தால் அடுத்தது 1004, அப்புறம் 1008. "ஏன் அங்கிள் பூஜ்யத்திலிருந்து எண்ணணும்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அணியில் வரிசை எண் என்பது தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி என்பதையே குறிக்கிறது. முதல் எண் ஓரிடமும் தள்ளி இல்லை, அவ்வளவுதான். ஆகவே கடைசி எண் மார்க்[4].

மார்க்[5] என்று கேட்டால்? ஜாவா அங்கேயே நிறுத்திப் பிழை சொல்லும். சி மொழியில் டி.டி.ஆர். கிடையாது. பெரும்பாலும் 1020-க்குப் போய் அங்கே இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். எழுதச் சொன்னால் பக்கத்து வீட்டுச் சரக்கின் மேல் எழுதியும் விடும். நிரல் ஒரு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும்.

இது பரீட்சைக்கு மட்டுமான விஷயமில்லை. 1988 நவம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் ஒரு புழு நிரலை இணையத்தில் விட்டார். அது நுழைந்த வழிகளில் ஒன்று, ஃபிங்கர் என்ற சேவையில் இருந்த 512 பைட் அணி. வருவதை அளவு பார்க்காமல் உள்ளே விடுவது 'கெட்ஸ்' என்ற செயற்கூற்றின் வழக்கம். புழு அனுப்பியதோ 536 பைட். வழிந்த பைட்டுகள், வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்து வைத்திருந்த முகவரியை அழித்து எழுதின. கணிப்பொறி புழுவின் கட்டளைகளை நிறைவேற்ற ஆரம்பித்தது. 2011-இல் வந்த சி தரநிலையில்தான் கெட்ஸ் ஒரேயடியாக நீக்கப்பட்டது. இன்றும் பழைய பாடப்புத்தகம் வைத்திருப்பவர்கள் அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள், என்ன செய்வது! அளவையும் கேட்டு வாங்கும் 'எஃப்கெட்ஸ்' போதும்.

நம்மவர்க்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. பெயருக்கு 16 பைட் ஒதுக்கினால், முடிவுக்குறிக்கு ஒன்று போக மிச்சம் 15. வெங்கடசுப்ரமணியன் என்பதை ஆங்கில எழுத்தில் எழுத 18 வேண்டும். வெட்டினால் 'வெங்கடசுப்ரமன்' ஆகிவிடுவார். தமிழிலேயே எழுதினால் இன்னும் மோசம். 'முருகன்' கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் உகரக் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் ஏழு. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். முடிவுக்குறியும் சேர்த்து 22. பதினாறு பைட்டில் முருகனுக்கே இடமில்லை!